இரண்டாம் இயந்திரத்தை நிறுத்தியவள்

அந்தப் பழைய நீர்மின் நிலையத்தில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் நாற்பத்தொரு முள் மீட்டர்களை மணிக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. நூறு வயதை நெருங்கும் இயந்திரங்கள், இன்றும் ஓடுகின்றன. அதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

தொண்ணூற்றாறில் ஒரு மதியம் இரண்டாம் இயந்திரத்தின் பேரிங் சூட்டைக் காட்டும் முள் மளமளவென்று ஏறியது. குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயில் சருகு அடைத்திருந்தது. ஷிப்டு இன்ஜினியர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"சார், ரெண்டாவது மிஷின் கொதிக்குது. நிறுத்திடலாம்."

"நான் சொல்லாம எதையும் தொடாத" என்றவர், மறுபடியும் போனுக்குத் திரும்பினார்.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அவள் இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கினாள். அடித்தளத்தில், இயந்திரத்தைச் சுழற்றும் தண்ணீரை அடைக்கும் கைச்சக்கரத்தைப் பிடித்து உள்ளங்கைத் தோல் உரியச் சுற்றினாள். இயந்திரம் பிழைத்தது.

மறுநாள் வந்த அறிக்கை வேறு கதை சொன்னது. சூட்டைக் கவனித்ததும் இன்ஜினியர், நிறுத்தியதும் அவரே. மீட்டர் பார்க்க வேண்டியவள் பணி நேரத்தில் இருக்கையில் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் உண்மை. அவருக்குக் கேடயமும் பதவி உயர்வும் தலைமை அலுவலகத்துக்கு மாற்றலும் கிடைத்தன. அவளைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலைக்குத் தள்ளினார்கள். மூன்று மனு போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. வழிகாட்டிகள் ஒப்பிக்க வேண்டிய அச்சடித்த உரையில், "ஓர் இன்ஜினியரின் சமயோசிதத்தால் இந்த இயந்திரம் காப்பாற்றப்பட்டது" என்று இருந்தது. தினம் நான்கு முறை அதை அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் சொன்னாள்.

"விட்டுத் தொலையேன். சம்பளம் ஒழுங்கா வருதில்ல?" என்பான், பஸ் ஓட்டும் கணவன்.

"சம்பளம் வருது. தூக்கந்தான் வரல."

ஒரு நாள், முன்பதிவுப் பட்டியலில் அந்த இன்ஜினியரின் பெயரைப் பார்த்தாள். ஓய்வு பெற்ற அதிகாரி, மனைவி, மகளுக்குப் புதிதாக அமைந்த சம்பந்தி வீட்டார் ஐந்து பேர். அன்றைய முறை வேறொரு வழிகாட்டியுடையது. "அந்தக் கும்பல எனக்கு விட்டுடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இரண்டாம் இயந்திரத்தின் பக்கத்தில் அவள் நின்றாள். "இந்த இடத்துல ஒரு கதை சொல்லுவோம். கதைக்குச் சொந்தக்காரரே வந்திருக்காரு. நீங்களே சொல்லுங்க சார்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சம்பந்தியம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"எதை வச்சு சார் நிறுத்தினீங்க? காட்டுங்களேன்" என்றாள் மீட்டரக்கா.

அவர் சுற்றுமுற்றும் பார்த்து, சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார். "இதோ, ஒரே அமுக்கு!"

"சம்பந்தி ஐயா, பொத்தானுக்குக் கீழ தகடு இருக்கு பாருங்க. கொஞ்சம் சத்தமாப் படிங்க."

சம்பந்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "அவசர நிறுத்தப் பொத்தான். பொருத்திய ஆண்டு தொண்ணூத்தெட்டு."

"நம்ம வீட்டுக் கேடயத்துல தொண்ணூத்தாறுன்னுல்ல போட்டிருக்கு?" என்றாள் அதிகாரியின் மனைவி, வெள்ளந்தியாக.

எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஊழியர் சிரிப்பை இருமலாக்கினார். அதிகாரியின் முகம் கறுத்தது. அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ..."

"நான்தான் சார், இருக்கையில இல்லாதவ."

சம்பந்தி வீட்டாரைக் கீழே அழைத்துப் போய்க் கைச்சக்கரத்தைக் காட்டினாள். நடந்ததை நடந்தபடி முதல்முறையாகச் சொன்னாள். அடுத்த கும்பல் வாசலில் காத்துக் கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டாள். அவர் மட்டும் கீழே இறங்கவில்லை.

வெளியே வரும்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இத்தன வருஷமாவா கறுவிக்கிட்டு இருந்த? என் பொண்ணு வாழப்போற வீட்டுக்காரங்க முன்னாலதான் சொல்லணுமா?"

"நீங்க எழுதினது ஊருக்கே போச்சு சார். நான் ஆறு பேருக்குத்தான் சொன்னேன்."

அவர் புகார் எழுதினார். அதுவே அவருக்கு வினையாயிற்று. புதிய கண்காணிப்பாளர் பழைய பதிவுகளையெல்லாம் கிளறினார். அன்று சூடு ஏறிய நேரம் முழுக்க இன்ஜினியர் போனில் இருந்ததைத் தொலைபேசிப் பதிவேடு சொன்னது. உரையில் "இன்ஜினியர்" போய் "ஓர் ஊழியர்" வந்தது. அவள் பெயரைப் போட மேலிடம் ஒப்பவில்லை. அதனாலென்ன, ஒவ்வொரு கும்பலிடமும் "அந்த ஊழியர் நான்தான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அவர் மகளின் கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது என்று கேள்விப்பட்டாள். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"இப்பவாவது மனசு ஆறுச்சா?" என்று கணவன் கேட்டான்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தத் தகட்டுக்கு முன்னால அவர இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வச்சிருக்கலாம்."