தூங்கப்போகுமுன் ஒரு பார்வை

அட்டனில் கீழே பேக்கரி, மேலே எங்கள் அலுவலகம். பாண் வேகும் வாசனை படியேறி வந்து நாள் முழுக்கப் பசிக்கவைக்கும். அங்கே உட்கார்ந்துதான் யாரோ தூரதேசத்துக்காரர்களின் ஹைப்பர்வைசரைப் பழுது பார்த்தோம். ஒரே கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைத்து, அத்தனையையும் கட்டி மேய்க்கும் மென்பொருள் அது. தேயிலைத் தோட்டத்து லயம் மாதிரிதான். ஒரே கூரை, ஒரே சுவர். ஒவ்வொரு காம்பராவும் தன்னைத் தனி வீடென்று நம்பிக்கொள்ளும்.

அந்தக் குடிக்கணினிகளில் ஒன்று எப்போதாவது செத்ததுபோல் நின்றுவிடும். வேலை இல்லாதபோது தூங்குவது அதன் இயல்பு. வேலை வந்தால் வெளியிலிருந்து ஒரு தட்டு விழும், விழித்துக்கொள்ளும். இன்டரப்ட் என்பது அந்தத் தட்டுதான். இதுவோ வேலை வந்து வாசலில் கிடந்தும் தூங்கியது. காத்திருந்தால் பழுது வராது. கண்ணை எடுத்தால் வரும்.

அந்தப் பகுதியில் கடைசியாகக் கைவைத்தவள் அக்கரப்பத்தனையிலிருந்து வந்த பெண். தாய் இன்னும் கொழுந்தெடுக்கிறாள். இவளுக்கோ தகுதிகாண் காலம். நிரந்தரமா, வீடா என்பது வெள்ளிக்கிழமை தெரியும். முடிவு மேலாளர் கையில். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர், நாக்கில் முள் முளைத்தவர்.

பழுது எங்கே என்று பார்க்க, அவள் இடையிடையே தடம் காட்டும் வரிகளைச் சேர்த்தாள். சேர்த்ததும் பழுது காணாமல் போனது. அந்த வரிகள் ஓட எடுத்த இம்மி நேரத்தில் எல்லாம் நகர்ந்துவிட்டது. எடுத்தால் திரும்ப வந்தது.

"என்ன பிள்ளை, நீர் பார்த்தா ஒளிக்குது, நாங்கள் பார்த்தா வருது," என்றார் மேலாளர், எல்லோர் முன்னாலும். "கொழுந்து ஆயிற வேகத்தில கோட் எழுதினா இப்பிடித்தான்."

சிரித்தவர்களில் பாதிப்பேர் லயத்தில் பிறந்தவர்கள்.

வியாழன் மத்தியானம் பிளேன்டீயோடு என் மேசைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

"அண்ணே, பெரட்டுல எங்கம்மாவுக்கு நடந்ததுதான் இங்கயும் நடக்குது."

காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும் கண்டாக்கையா, கடைசியாக ஒருதரம் பாதையைப் பார்ப்பாராம். யாரும் இல்லையென்றால் கணக்கை மூடிவிட்டுத் திரும்புவார். ஒருநாள் அவர் பார்த்து முடித்த கையோடு இவள் தாய் வந்து பின்வரிசையில் நின்றிருக்கிறாள்.

"ஐயா களத்துல நிக்கையில நாங்க சத்தம் போடமாட்டோம் அண்ணே. வந்து நிப்போம், அவ்வளவுதான். ஐயா பார்த்திருப்பாருன்னு அம்மா நெனச்சிருக்காங்க. அவரு பார்த்து முடிச்சுட்டாரு. அன்னைக்கு வெரட்டிட்டாங்க."

கணினியும் அப்படியே. வேலை இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை. பிறகுதான் 'தூங்குகிறேன்' என்ற பலகையை மாட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, மயிரிழை இடைவெளியில், வேலை வந்து சேர்கிறது. பலகை இன்னும் மாட்டவில்லை, ஆள் விழித்திருக்கிறான், எழுப்பத் தேவையில்லை என்று தட்டாமல் இருந்துவிடுகிறது. அவன் தூங்கிப்போகிறான்.

திருத்தம் சின்னது. முதலில் பலகையை மாட்டு. அதற்குப் பிறகு இன்னொருதரம் வாசலைப் பார். ஒன்றும் இல்லையென்றால் தூங்கு. அந்த வரிசை கலையாமலிருக்க நடுவில் ஒரு தடுப்பு. அந்தப் பழுது அவள் கைவைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே இருந்தது.

இரவெல்லாம் சோதனையை ஓடவிட்டாள். வெள்ளி காலை வந்து பார்த்தால் ஒரு குடிக்கணினியும் உறைந்து நிற்கவில்லை. திருத்தத்தை எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் ஏற்றினாள். கண்ணாடி அறைக்குள் மேலாளர் இருந்தார். திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"போய்ச் சொல்லிரு," என்றேன்.

"உள்ளதானே இருக்காரு அண்ணே. பார்த்திருப்பாரு."

நான் எழுந்தேன். அதற்குள் அவர் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டார். பாதி திறந்த கதவு, எல்லாம் கேட்டது.

"சேர், போட்டிருக்கேன், சேர். காலையிலயே."

"நான் காலமை பார்த்தனான். ஒண்டும் இருக்கேல்லை. கொழும்பு ஒபிசுக்கு எழுதியும் அனுப்பியாச்சு. நீர் வெளிக்கிடலாம்."

அவள் குடையை மறந்துவிட்டுப் படியிறங்கினாள். கீழே பேக்கரிக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மேலாளர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். வரிவரியாக, உதடு அசைய வாசித்தார். "வடிவாச் செய்திருக்கிறா," என்றார். திருத்தத்தை எடுத்து மென்பொருளில் சேர்த்தார். மேலே அவள் தமிழில் எழுதிவைத்திருந்த ஒரு வரி, 'தூங்கப்போகுமுன் இன்னொருதரம் பார்', அதை மட்டும் ஒற்றை விரலால் அழித்தார்.

"சேர், அப்ப அந்தப் பிள்ளை?" என்றேன்.

"போன முடிவை நான் திருப்பிப் பார்க்கிறேல்லை. உமக்கென்ன, பழுது போச்சுத்தானே."

போய்விட்டதுதான். அதற்குப் பிறகு எதுவும் உறையவில்லை. தூரதேசத்திலிருந்து பாராட்டி எழுதினார்கள். மேலாளர் எல்லோருக்கும் கீழே பேக்கரியில் சுடச்சுடப் பணிஸ் வாங்கித் தந்தார். தின்றோம்.

ஞாயிறன்று குடையைக் கொடுக்க அழைத்தேன். பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னாள். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன் அண்ணே. அந்தாளு உள்ள இருந்தாருன்னு சொன்னேன், பார்த்திருப்பாருன்னு நெனச்சதச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"வாயில என்னாடி, கொழுக்கட்டையா வச்சிருந்தன்னு கேட்டாங்க."