போனில் சொல்லாத செய்தி

ஆயர் பொன்னுராஜ் வியாழக்கிழமை விடியற்காலை பழனிசெட்டிபட்டி வீட்டில் இறந்தார். வயது எழுபத்தாறு. அடக்கம் மாலை நாலு மணிக்கு. எட்டு மணிக்குள் மகள் ஷெரின் எல்லா ஏற்பாடுகளையும் முடித்துவிட்டாள். காற்றாலைப் பொறியாளர், பட்டியல் போட்டு வேலை செய்து பழகியவள். ஒன்றுதான் பாக்கி. அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த, கெங்குவார்பட்டி கருத்தக்கண்ணனுக்குச் சொல்ல வேண்டும்.

"போன்ல சொல்லிரு ஆத்தா. மக வெளிய போனா சனம் என்ன சொல்லும்?" என்றார் சித்தப்பா வைகுண்டராஜ்.

"அப்பா எந்தச் சாவையும் போன்ல சொன்னதில்ல சித்தப்பா." கார் சாவியை எடுத்தாள்.

அதற்குக் காரணம் 1971 டிசம்பர். போர்முனையில் பொன்னுராஜ் வயர்லெஸ் ஆபரேட்டர். வயது இருபத்திரண்டு. அவருடைய படைப்பிரிவில் இரண்டு கண்ணன்கள். கருத்தக்கண்ணனும் பதிவேட்டில் வெறும் கண்ணன்தான். ராணுவ எண்ணில் அவருக்குக் கடைசி மூன்று இலக்கம் 471, மற்றவருக்கு 417. குண்டு பட்டு இறந்தவர் 417. பொன்னுராஜ் அனுப்பியது 471. அனுப்பிய எண்ணை எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும்; கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அதுதான் முறை. அன்று செய்திக்கு மேல் செய்தி. அவர் காத்திருக்கவில்லை.

தந்தி கெங்குவார்பட்டிக்குப் போனது. கருத்தக்கண்ணனுக்குக் கருமாதி நடந்தது. தம்பி மொட்டை போட்டுக்கொண்டார். பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, குளிர் தாங்கவில்லை, கம்பளி அனுப்புங்கள் என்று அவரே எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது.

சேலம் பக்கத்தில் இன்னொரு கண்ணனின் வீடு. அங்கே அந்த மூன்று வாரமும், மகன் பொங்கலுக்கு வருவான் என்று புதுச்சட்டை எடுத்து வைத்திருந்தார்கள்.

பொன்னுராஜ் லீவில் இரண்டு வீட்டுக்கும் போனார். தவறு தன்னுடையது என்றார். சேலத்துத் தாய் ஒன்றும் கேட்காமல் அவருக்குச் சோறு போட்டாள். அந்தச் சோறுதான் தன்னை ஆயராக்கியது என்று ஷெரினிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். பதினைந்து வருட சர்வீஸ் முடிந்ததும் மதுரையில் இறையியல் படித்தார்.

அவருடைய பிரசங்கம் பன்னிரண்டு நிமிடம். ஞானஸ்நானத்துக்கு முன் குழந்தையின் பெயரைப் பெற்றோர் இரண்டு தடவை சொல்ல வேண்டும். யாராவது இறந்தால், எந்த ஊராக இருந்தாலும் உறவினர் வீட்டுக்கு நேரில் போவார். டிசம்பர் பிறந்தால் கெங்குவார்பட்டிக்குப் பஸ் ஏறிவிடுவார். கருத்தக்கண்ணன் வீட்டில் கோழிக்குழம்பு.

"உசுரோட இருக்கேனான்னு பாத்துட்டுப் போக வந்தாக," என்பார் கருத்தக்கண்ணன்.

"அந்தத் தந்தி வராட்டி நான் தப்பிச்சிருப்பேன்," என்பார், கைமாறிப்போன பெண்ணுக்குப் பதிலாக வாக்கப்பட்டு வந்த முத்துலட்சுமி. பொன்னுராஜ் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு வீட்டில்தான்.

ஷெரின் போனபோது கருத்தக்கண்ணன் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏ முத்துலட்சுமி, பாதிரி மக வந்திருக்கு! என்னாத்தா, இன்னும் டிசம்பர் வரலையே? அவுகள எங்க?"

"அப்பா இறந்துட்டாக பெரியப்பா. காலைல அஞ்சு மணிக்கு."

அவர் கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

"நம்பர் சரியாப் பாத்தியா?"

வழக்கமான கிண்டல் என்று நினைத்தாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அவுக நம்பரச் சொல்லு."

வருடா வருடம் பென்ஷன் படிவத்தில் அவள் எழுதிய அப்பாவின் ராணுவ எண். முழுவதும் சொன்னாள். அவர் எழுந்து நின்று, ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொன்னார். கடைசி மூன்றுக்கு வந்தபோது வேகம் குறைந்தது.

"ஒம்போது... சைபரு..."

ஷெரின் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தாள். உள்ளேயிருந்து வந்த முத்துலட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆறு," என்றார் கருத்தக்கண்ணன்.

"சரி பெரியப்பா."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.