இருநூற்றுப் பதினேழில் ஒரு கட்டம்

ஸ்வெட்டர் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள், பதினான்கு வருஷத்தில் அதுவே நிலைத்துவிட்டது. டிசைனர் வரைந்து அனுப்பும் படத்தைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து, பின்னல் மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அவள் வேலை. ஒரு கட்டம் என்றால் ஒரு பின்னல். ஒரே நிறம் ஐந்து கட்டத்துக்கு மேல் தொடர்ந்து ஓடினால் மற்ற நிறத்து நூல் துணியின் பின்பக்கம் நீளமாகத் தொங்கும், போடுகிறவர் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் அப்படி ஓடும் இடத்தில் நடுவே ஒரு கட்டத்தை நிறம் மாற்றிவிடுவாள். டீ குடித்துக்கொண்டே, பக்கத்து மேஜையோடு வம்பளந்துகொண்டே கை அதுபாட்டுக்குச் செய்துவிடும்.

பெயரெல்லாம் டிசைனருக்குப் போகும். அதில் அவளுக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொன்னால் பொய். மற்றவர்கள் வரைந்ததைத் திருத்தித் திருத்தியே தலை நரைக்கப் போகிறது, சொந்தமாக நாம் என்னதான் செய்தோம் என்று ஒருநாள் கணவரிடம் கேட்டாள். அவர் யோசித்து வாயைத் திறப்பதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர் அதே தொழிற்சாலையில் மெக்கானிக். வீட்டுக்கு வந்தால் பழைய வீடியோ கேமே கதி. அதில் படிக்குப் படி தாவும் குட்டி ஆளை ஒருநாள் அவள் எண்ணிப் பார்த்தாள், மொத்தமே இருபத்திரண்டு கட்டம். அங்கேதான் பொறி தட்டியது. நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அப்படியே அதற்குக் கொடுத்து, தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதினாள். ஓர் எண்ணைக் கொடுத்தால் அது பின்னல் துணி மாதிரி ஒரு படத்தைத் தானே வரையும். படிகள், பட்டைகள், நடுநடுவே தாவும் ஆட்கள். அதே எண்ணுக்கு எப்போதும் அதே படம்தான் வரும். திரையில் நூலும் இல்லை, பின்பக்கமும் இல்லை என்பதால் ஐந்து கட்டக் கணக்கை அவள் அதில் சேர்க்கவில்லை. வருகிற படத்தில் கைவைப்பதில்லை என்றும் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

புரோகிராம்கள் வரைந்த படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வந்தது. டீ நேரத்தில் ஏழு படங்களைத் தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்து அனுப்பினாள். இருநூற்றுப் பதினேழாம் எண்ணில் வந்த படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகாயத்தில், ஒரே ஒரு கட்டத்தின் மேல் கால் வைத்துத் தனியாக நிற்கும் ஆளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்று கண்காட்சியை நடத்துகிற அம்மா எழுதியிருந்தார். அரங்கில் பெரிய திரை வைக்கிறார்கள், புரோகிராமே அங்கே எல்லார் முன்னாலும் படத்தை வரையும். அதை அனுப்பி வைக்கச் சொன்னார். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஆள் நின்றான், காலடியில் ஒன்றுமே இல்லை. மறுபடி ஓட்டினாள். அப்போதும் அதே கதை. பிறகு முன்பு அனுப்பிய படத்தையும் இதையும் அருகருகே வைத்து வரிசை வரிசையாகப் பார்த்தாள். நாலாயிரத்து எண்ணூறு கட்டத்தில் ஒன்றுதான் வித்தியாசம். காலுக்குக் கீழே ஏழு வெள்ளைக் கட்டங்கள் சேர்ந்தாற்போல் ஓடியிருந்தன. அவள் அனுப்பிய படத்தில் அவற்றின் நடுக்கட்டம் மட்டும் கறுப்பு.

அவள் கை செய்த வேலை. நூலே இல்லாத படத்தில், யார் விரலும் மாட்ட வழியில்லாத இடத்தில், எப்போது செய்தோம் என்று நினைவுகூட இல்லை.

கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கா இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்றார்.

"இருநூத்திப் பதினேழு வந்தா அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிடு. யாரு உக்காந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேனேங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வரியை எழுதவும் செய்தாள். அழித்தாள். மறுநாள் திரும்ப எழுதினாள். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் மதிய இடைவேளையில் தொழிற்சாலைப் படிக்கட்டில் நின்று, அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். கண்காட்சி விதி எல்லாருக்கும் ஒன்றுதான், புரோகிராம் வரைவதையே வைப்போம் என்று அவர் தன்மையாகவே சொன்னார்.

திறப்பு நாளன்று இருவரும் இருப்பதில் நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு போய்த் திரைக்கு எதிரே நின்றார்கள். படம் கீழிருந்து வரிசை வரிசையாக ஏறி வந்து முடிந்தது. வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த திரைக்குப் போனார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் யாரும் நிற்கவில்லை. நடத்துகிற அம்மா மட்டும் அவளைத் தேடி வந்து, அந்த ஒரு கட்டம் இல்லாமல் அது வேறு ஏதோ படமாகிவிட்டது, எனக்கே மனசு ஆறவில்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நாலு வருஷம் பாடுபட்டது ஒருத்தரையும் நிறுத்தவில்லை, நினைக்காமல் கை செய்ததுதான் அந்த அம்மாவை நிறுத்தியிருக்கிறது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கணவர் கவனித்துவிட்டார். கொஞ்சம் நெருங்கி நின்று, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்.

"அந்தம்மா ஆசப்பட்ட அந்தக் கட்டம் நீ வெச்சதுதானே. அதை யாரு இல்லன்னு சொல்ல முடியும்?"

"நான் வெச்சதுதாங்க," என்றாள். "ஆனா அதுவும் திருத்தினதுதானே."