வடைக்குள் விழுந்த குண்டு

குத்தம்பாக்கத்தைத் தாண்டி இருக்கும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் அந்த இயந்திரத்தை வடை என்றுதான் சொல்வார்கள். பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது, படிப்பவர்கள் யாருமில்லை. நடுவில் ஓட்டையோடு, ஆள் உயரத்துக்கு, எஃகில் செய்த மெதுவடை. அதன் வயிற்றிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளியூண்டு ஹைட்ரஜனை விட்டு, சூரியனுக்குள் இருப்பதுபோலச் சூடாக்குவார்கள். அந்தச் சூடு சுவரைத் தொடாதபடி சுற்றிலும் காந்தங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு தடவை சூடாக்குவது ஒரு ஷாட், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நான்கு மாதம் ஷாட் எடுத்தால் அடுத்த மூன்று மாதம் ஷட்டவுன். வடையைத் திறந்து சுத்தம் செய்வார்கள், பழுது பார்ப்பார்கள், புதிதாக எதையாவது மாட்டுவார்கள்.

இந்த ஷட்டவுனில் உள்சுவரையே மாற்றுவதாக ஏற்பாடு. பழைய கரி ஓடுகளைக் கழற்றிவிட்டு டங்ஸ்டன் ஓடுகள், முன்னூற்றுப் பன்னிரண்டு. ஆள் நுழையும் துவாரத்தின் அகலம் நாற்பது சென்டிமீட்டர். போன முறை வரை அதில் நுழைந்துகொண்டிருந்தவன் இன்ஜினியர் தினேஷ். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. முதல் நாளே இடுப்பு வரை போய் மாட்டிக்கொண்டான். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த கோமளாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்கிறீங்களேக்கா, நீங்க போவீங்களா?" என்றான் தினேஷ், சட்டையை இழுத்துவிட்டபடி.

"இந்தப் பொந்து தானே சார்? எங்க ஊட்டு பாத்ரூம் ஜன்னலு இதவிடச் சின்னது. சாவிய மறந்துட்டா அது வழியாத்தான் பூந்து போவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஷட்டவுன் பொறுப்பாளர் நிவேதிதா மட்டும் சிரிக்காமல் டேப்பை எடுத்துவந்து கோமளாவின் தோளை அளந்தாள்.

பட்டாபிராமில் பிறந்து, பட்டாபிராமிலேயே வாழ்க்கைப்பட்டு, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் கோமளா. பன்னிரண்டு வருடமாகத் துடைக்கும் வேலை. வானகரத்தில் ஒரு அடுக்குமாடி, அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி, அப்புறம் இங்கே. துடைத்த இடத்தைச் சாய்ந்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்காமல் நகர மாட்டாள். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமல்ல. வடைக்குள் மல்லாந்து படுத்து ஓடு மாட்டும்போது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. போல்ட்டை முடுக்கும் ஸ்பானர், போதுமான இறுக்கம் வந்ததும் டிக்கென்று ஒரு சத்தம் போடும். கோமளா உள்ளிருந்து "நூத்தி நாப்பது" என்பாள். வெளியே தினேஷ் தாளில் டிக் அடிப்பான். உள்ளே போன முதல் நாளிலிருந்தே அவளுக்குப் புதுப் பெயர், "உள்ள போறவங்க." கேன்டீனில்கூட அப்படித்தான். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு.

உள்ளே போகிறவர் உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. தோடு, மெட்டி, ஹேர்பின், பூ, பவுடர், ஒன்றும் ஆகாது. கொண்டுபோகும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் பதிவேட்டில் ஏறி, திரும்பி வந்து இறங்க வேண்டும். "தாலியும் தான்க்கா" என்று நிவேதிதா முதல் நாளே சொன்னாள். கோமளா தலையாட்டினாள்.

ஆனால் கழற்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வெளிவட்டச் சாலையில் ஒரு லாரி அவள் புருஷன் உலகநாதனின் ஷேர் ஆட்டோவை இடித்துத் தள்ளியது. பதினாறு நாள் அவன் கண் திறக்கவில்லை. அந்தப் பதினாறு நாளும் அவள் கை தாலியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் குளிக்கும்போதுகூட அது கழுத்தை விட்டு இறங்கியதில்லை. ரவிக்கைக்குள் செருகி, மேலே அங்கே தரும் முழுநீள வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஒன்பது வாரம் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. அன்றைக்குச் சரடு மாற்ற வேண்டும். புது மஞ்சள் சரட்டில் தாலியையும், இரண்டு பக்கமும் மிளகளவு தங்கக் குண்டுகளையும் கோத்து, விடிகாலையில் சாமி படத்துக்கு முன்னால் அவளே முடிச்சுப் போட்டாள். வெளியே உலகநாதனின் ஆட்டோ ஹாரன் மூன்றாவது முறை அடித்துவிட்டது. முடிச்சு அவசரத்தில் விழுந்த முடிச்சு.

அன்று கடைசி வரிசை. உள்ளே புழுக்கம் தாங்காமல் கழுத்து ஜிப்பை நான்கு விரல் இறக்கினாள். கழுத்தோரம் ஏதோ சில்லென்று ஓடியது. வியர்வை என்று நினைத்தாள். "முன்னூத்திப் பன்னெண்டு" என்றதும் வெளியே கைதட்டினார்கள். காலையில் மூடி போட்டுப் பம்ப்பை ஓட விடுவதென்று முடிவாயிற்று.

சாயங்காலம் வீட்டில் முகம் கழுவும்போது சரடு ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. ரவிக்கைக்குள் செருகியிருந்ததால் தாலி தங்கிவிட்டது. குண்டு ஒன்றைக் காணோம்.

"ஆட்டோல உழுந்திருக்கும், உடு" என்றான் உலகநாதன்.

"இல்லய்யா. உள்ளதான் உழுந்துது. சில்லுன்னு ஓடிச்சி."

"ஒரு மொளகு சைஸு. அம்மாம் பெரிய மிசினு, அத்தப் போயி இன்னா பண்ணிடப் போவுது? கம்முனு இரு கோமு. சொன்னின்னா திரும்ப உன்ன உள்ள உடுவாங்களா?"

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் நிவேதிதா ஒருமுறை கழற்றிய பழைய ஓடு ஒன்றைக் காட்டியிருக்கிறாள். நடுவில் காசளவு கருப்புப் பள்ளம். யாரோ மறந்துவிட்ட ஒரே ஒரு ஸ்க்ரூ உருகித் தெறித்த இடம். ஒரு மாத ஷாட்டெல்லாம் வீணாகப் போயிற்றாம். நிவேதிதா அதைத் தூக்கி எறியாமல் மேசையிலேயே வைத்திருக்கிறாள்.

மாட்டிய ஒவ்வொரு ஓட்டின் எண்ணும் கோமளாவின் வாயிலிருந்து வந்தது. அதில் ஒன்று அப்படிக் கருகினால்?

போனை எடுத்தாள்.

"மேடம், உள்ள குண்டு கீது."

"எங்க?" என்றாள் நிவேதிதா.

"வடைக்குள்ள மேடம். நான்தான் போட்டுட்டேன். காலைல மூடி போடறதுக்குள்ள எடுத்துடணும்."

"அக்கா." நிவேதிதாவின் குரல் மெதுவாக வந்தது. "பதறாம சொல்லுங்க. உங்க பக்கத்துல யாரு இருக்காங்க? யாராவது மிரட்டுறாங்களா?"

"எங்க ஊட்டுக்காரர்தான் கீறாரு."

உலகநாதன் போனைப் பிடுங்கினான். "மேடம், தாலிக் குண்டு மேடம். தங்கம். அது வெடிக்காது."

கோமளா போனைத் திரும்ப வாங்கினாள். நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "இவ்வளவு நாளா கழட்டவே இல்லையாக்கா?" என்றாள் நிவேதிதா.

"இல்ல மேடம்."

"ஏழு மணிக்கு வந்துருங்க." அவ்வளவுதான்.

காலையில் உலகநாதன் வழியில் ஒருவரையும் ஏற்றாமல் அவளைக் கொண்டுவந்து இறக்கினான். அதற்குள் தினேஷ் நேற்றைய வெள்ளை உடுப்பைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து உதறிப் பார்த்திருந்தான். குண்டு இல்லை. கழுத்துப்பட்டையில் மட்டும் மஞ்சள் கறை. நிவேதிதா அதைக் கோமளாவிடம் காட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கோமளாவுக்கு.

"நீங்கதான் போகணும்க்கா. வேற ஆள் நுழைய முடியாது" என்றாள் நிவேதிதா.

கோமளா உடுப்பை மாட்டிக்கொள்ளும் முன்னால் நேரே வாசலுக்கு நடந்தாள். வயதான காவலாளி சின்னப்பையனின் கொட்டகை ஓரம் உலகநாதன் நின்றிருந்தான். அவிழ்த்த சரட்டை அவன் கையில் வைத்தாள்.

"இந்தா, புடி. நான் வர்ற வரிக்கும் வண்டிய எடுக்காத."

"எடுக்கல, போ."

"எங்கியும் போவாத."

"போ சொல்றேன்ல." அவன் விரல்களை மூடிக்கொண்டான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வெறுங்கழுத்தோடு அவள் திரும்பி நடந்தாள்.

ஒரு மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தாள். டங்ஸ்டன் எல்லாப் பக்கமும் பளபளத்தது, எது குண்டு எது வெளிச்சம் என்று தெரியவில்லை. நிவேதிதா வேறொரு டார்ச்சை உள்ளே நீட்டினாள். ஓட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காட்டிக்கொடுக்கும் ஊதா விளக்கு. "இதுல மஞ்சளும் ஒளிரும்க்கா" என்று சொல்லிவிட்டு அறை விளக்குகளை அணைத்தாள்.

இருட்டில் கோமளா அதை அழுத்தினாள். அடக் கடவுளே என்று வாய் முணுமுணுத்தது. அவள் துடைத்துத் துடைத்து மாட்டிய சுவரில் பச்சை கலந்த மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக மின்னியது. இங்கே ஒரு விரல் தடம், அங்கே கழுத்து உரசிய கீற்று. அத்தனையும் அவள் கொண்டுவந்த அழுக்கு. வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் அந்தப் பொட்டுகள் சுவரின் வளைவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. அடியில், இரண்டு ஓடுகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில், நட்சத்திரம்போல ஒரு புள்ளி.

"கீது மேடம்" என்றாள்.

இடுக்கியால் எடுத்து வெளியே நீட்டினாள். தினேஷ் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, "வெளிய வாங்கக்கா" என்றான்.

"ஸ்பிரிட்டும் துணியும் குடுங்க சார். இன்னும் வேல கீது."

மின்னிய இடம் ஒவ்வொன்றையும் துடைத்து, ஊதா விளக்கில் சாய்ந்து பார்த்து, மறுபடி துடைத்தாள். வெளியே வந்தபோது மணி இரண்டு.

நிவேதிதா பதிவேட்டோடு காத்திருந்தாள். "அடுத்த ஷட்டவுனுக்கு வேற ஆள் பாக்கணும்னு காலைல எழுதி வச்சேன்."

"சரிதான் மேடம். நான் பொய் சொன்னவ."

"ஒன்பது வாரம் பொய் சொன்னீங்க. குண்டு விழுந்தத ஒரு ராத்திரிகூட மறைச்சு வச்சிக்க முடியலயே உங்களால." எழுதிய தாளைக் கிழித்து மடித்தாள். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தாள். தலைப்பு: உள்ளே போகிறவரின் பொருள் வெளியே யாரிடம். அதன்கீழ் முதல் வரியில் கோமளாவின் பெயர். "இதுல உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடணும். வருவாரா?"

கோமளா தலையாட்டினாள். இந்தத் தடவை அது உண்மையான தலையாட்டல்.

கொட்டகையில் உலகநாதன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். சின்னப்பையன் வாங்கித் தந்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது.

"சாப்ட வேண்டியதுதானே?"

"எப்டி சாப்பட்றது? சோத்துக் கை மாட்டிக்கினு கீதே." கையை விரித்தான். உள்ளங்கை முழுக்க வியர்வையில் ஊறிய மஞ்சள்.

குண்டைக் கோத்து அவள் கழுத்தைக் காட்டி நின்றாள். சின்னப்பையன் மரியாதையாகக் கேட் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா இறுக்கிப் போடுய்யா. மூணு முடிச்சு."

"அதான் அன்னிக்கே போட்டேனே."

"டிக்குன்னு சத்தம் வரணும்" என்றாள் கோமளா.

அவன் முடிச்சை இழுத்துவிட்டு, நாக்கால் ஒரு டிக் போட்டான்.