கயிறு இழுப்பவர்கள்

"இருக்கிறதை அழிக்கிறதுக்கா பாப்பா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அப்பா கேட்டது செகந்திராபாத்தில் ஒரு தியேட்டர் வாசலில். நான் வேலை செய்த முதல் படத்துக்கு அவரை அழைத்துப் போயிருந்தேன். கதாநாயகன் மாடியிலிருந்து பறந்தபோது, "இது நான் செஞ்சது" என்றேன்.

"எது?"

"அவர் இடுப்புல கயிறு இருந்துச்சுப்பா. அதையும், அதை இழுத்த நாலு பேரையும் கம்ப்யூட்டர்ல அழிச்சேன்."

படம் முடிந்து வாசலுக்கு வந்ததும்தான் அவர் அப்படிக் கேட்டார்.

அப்பா ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் சுமக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. என் சான்றிதழ்கள் கசங்கிவிடக் கூடாதென்று அப்பா லேமினேட் போட்டுவிட்டார். அசலுக்கு அப்படிச் செய்யக் கூடாதென்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? பேகம்பேட்டில் அந்த கிராஃபிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அலுவலகப் பெண் அவற்றைத் தட்டிப் பார்த்து, "ஹோட்டல் மெனு கார்டா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மூன்று வருஷம் விலக மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதுவரை அசல் அவர்களிடம்.

அங்கே நாங்கள் வேலை செய்யும் அறையில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருப்பார்கள். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம். ஒவ்வொன்றிலும் அந்த நாலு பேர். பச்சைத் துண்டு கட்டியவர் இழுக்கும் முன் உள்ளங்கையில் துப்பிக்கொள்வார். கதாநாயகனைவிட அவர் முகம்தான் எனக்கு மனப்பாடம். அவரை அழித்து, அவர் நின்ற இடத்தில் சுவரை வரைவேன். மறுநாள் வேறொரு காட்சியில் மறுபடி வந்து நிற்பார். இரண்டாம் வருஷம் முடிவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டைக்காட்சி ஆட்கள் பயிற்சி செய்யும் மைதானத்துக்குப் போய் அவரைக் கண்டுபிடித்தேன். இங்கேயே வளர்ந்த தமிழர். அவர்கள் கயிறு இழுப்பதை மட்டும் படம் எடுக்க வேண்டும் என்றேன்.

"கைக்கும்மா, எதுக்கு? ஹீரோ இல்லாம எங்களை எவன் பார்ப்பான்?"

"நான் தினம் பார்க்கிறேனே அண்ணா."

கயிற்றின் மறுமுனையில் ஒரு மணல் மூட்டையைக் கட்டி நால்வரும் இழுத்தார்கள். மூட்டையைக் காட்டாமல் அவர்களை மட்டும் போனில் எடுத்தேன். ஏழு நிமிடப் படம். அதைப் பார்த்துத்தான் ஒரு திரைப்படக் கல்லூரி எனக்கு இடம் கொடுத்தது. சேரும் நாளில் அசல் சான்றிதழ் வேண்டும்.

"இன்னும் பதினோரு மாசம். அப்புறம் தாராளமா வாங்கிட்டுப் போ" என்றார் மேலாளர்.

"தொலைஞ்சிடுச்சுன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்து வேற வாங்குடீ. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள் பக்கத்து இருக்கைத் தோழி.

மழையில் அப்பா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவை அவை. தொலைத்தேன் என்று நான் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

அன்று மாலை மௌலா அலியில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்பாவிடம் என் படத்தைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"மூட்டையைக் காட்டவே இல்லையே?"

"வேணாம்னு விட்டுட்டேன்ப்பா."

"சரிதான். முதுகைப் பார்த்தாலே தெரியுது எத்தனை கிலோன்னு."

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு, சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டும் ஒரு கடிதம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை விழும்வரை அந்த அலுவலகப் பெண்ணின் மேஜையை விட்டு நகரவில்லை. நகலைப் பார்த்ததும் அப்பா லேமினேட் போடக் கேட்டார்; தரவில்லை. அதைப் போட்டோ எடுத்து, என் அசல் யாருடைய அலமாரியில் இருக்கிறது என்று உள்ளபடி எழுதி, கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன்.