தோளில் கிடந்த நாலு விரல்

எங்கள் வீட்டுப் பொங்கலில் எடுத்த முதல் படத்தில் நான் இருக்கிறேன். என்னுடைய நாலு விரல்கள் மட்டும் இருக்கின்றன. மிச்சத்தை வெட்டிவிட்டார்கள்.

இதை நான் சொல்லும்போது கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒன்பது வயதில் வராத சிரிப்பு இனியும் வரப்போவதில்லை.

ஐயாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வட்டக்கச்சிக்கு வந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. காணி, வாய்க்கால் தண்ணீர், நுளம்பு, வயலுக்குள் இறங்கும் யானை. ஊரில் ஆர் வாய் திறந்தாலும் இந்தக் கதைதான். படம் எடுப்பதைப் பற்றி ஒருவரும் நினைத்ததில்லை. முகம் கழுவவே நேரமில்லாத சனம் முகத்தைப் படம் எடுத்து என்ன செய்யப்போகிறது?

அந்த வருசம் தைப்பொங்கலுக்கு மாமா மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் அண்ணன். கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. கழுத்தில் ஒரு பெட்டிக் கமெரா தொங்கியது. அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மேலே இருந்த கண்ணாடிக்குள் பார்த்தார். முரசுமோட்டையில் இருந்து சின்னம்மா குடும்பமும் வண்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தது. பொங்கிப் படைத்துச் சாப்பிட்டு முடிந்ததும் மாமா எல்லாரையும் முற்றத்துக்கு வரச்சொன்னார். கோலமும் பொங்கற்பானையும் படத்தில் விழவேண்டும் என்றார்.

எனக்குப் புதுச்சட்டை. மாமி கொண்டுவந்தது, மஞ்சளில் சின்னச் சின்னப் பூப்போட்டது. அந்தச் சட்டையோடு நடுவில் நிற்கவேண்டும் என்று விடிய எழும்பும்போதே தீர்மானித்திருந்தேன். மாமா என்னைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளினார். வீட்டில் இருந்த ஒரே நல்ல கதிரையைக் கொண்டுவந்து அதே ஓரத்தில், மற்றவர்களை விட்டுக் கொஞ்சம் விலக்கிப் போட்டு, அதில் அக்காவை இருத்தினார். ஐயா நிற்கிறார், அம்மா நிற்கிறார், மாமியும் நிற்கிறார். அக்காவுக்குக் கதிரை. அதுவும் சும்மா இல்லை. மாமியின் சீலை, மாமியின் பவுடர், முகத்தை இப்படித் திருப்பு, கையை மடியில் வை என்று ஆயிரம் உபசாரம். எனக்குச் சொன்னது ஒன்றுதான்: கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆடாமல் நில்.

எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா பதினெட்டு வயதுப் பெண். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியாருக்கு உதவியாகச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஆசிரிய கலாசாலைக்குப் போகலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஊரில் எல்லாரும் அவளைப் புகழ்வார்கள். என்னைக் கண்டால், அக்காவைப் போல இரு என்பார்கள். கதிரையும் அவளுக்குத்தான் என்றால் எனக்கு என்ன மிச்சம்?

மாமா குனிந்து கண்ணாடியைப் பார்த்த நேரம் நான் கையைத் தூக்கி அக்காவின் தோளில் வைத்தேன். அந்தக் கதிரையில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று காட்டத்தான். கமெரா 'டிக்' என்றது.

மாசியில் மாமா மறுபடி வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் படத்தைக் கழுவக் கொடுத்திருந்தார். பைக்குள் இருந்து எடுத்தது ஒரே ஒரு படம். அதில் அக்கா மட்டும் பெரிதாக இருந்தாள். ஐயா இல்லை, அம்மா இல்லை, பானை இல்லை, கோலம் இல்லை, என் மஞ்சள் சட்டை இல்லை. அக்காவின் தோளில் நாலு விரல்கள் மாத்திரம், சொந்தக்காரர் இல்லாமல், கிடந்தன. கடைசி விரல் கோணல். அது என்னுடையதுதான். அஞ்சு வயதில் வாய்க்கால் கதவின் பலகை விழுந்து நசிந்த சுண்டுவிரல்.

மிச்சம் எங்கே என்று கேட்டேன். பிறகு கழுவலாம் என்றார் மாமா. அந்தப் பிறகு வரவேயில்லை. நான் அழுதேன், காலை உதைத்தேன். அம்மா என்னைக் குசினிக்குள் போகச் சொல்லிவிட்டு மாமாவோடு கதைக்கத் தொடங்கினார். நான் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

படத்துக்கு இனி நிறம் பூசவேண்டுமாம். அக்காவிடம் இல்லாத நகையையும் தூரிகையால் போட்டுவிடுவார்களாம். அம்மா தட்டாரிடம் சொல்வது போலச் சொன்னார். கழுத்துக்கு ஒரு அட்டியல், காதுக்குக் கல்லுத்தோடு, முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கவேணும். மாமா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். பிறகு, இந்த விரலை என்ன செய்வது, சீலை மடிப்புப் போல வரைந்து மூடிவிடலாம் என்று ஸ்ரூடியோக்காரர் சொன்னதாகச் சொன்னார்.

அது வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"வேண்டாம் மாமா. சீலைக்கரை வடிவாயிருக்கு. அதிலை கைவைச்சால் பழுதாப்போம். விரல் கிடந்திட்டுப் போகட்டும்."

எனக்கு இன்னும் எரிந்தது. என்னை மூடுவதற்குக்கூடத் தன் சீலைக்கரையைத் தர மனமில்லாதவள் என்று நினைத்தேன்.

நிறம் பூசி வந்த படத்தை அம்மா அயலில் எல்லாருக்கும் காட்டினார். அக்காவுக்கு ரோஸ் கன்னம். சிவப்புச் சொண்டு. காதில் மின்னும் தோடு. அவளுக்கு அவ்வளவு ரோஸ் பூசியவன் என் விரலுக்கு ஒரு துளி பூசவில்லை. வெள்ளைத் தோளில் அது கறுத்துப்போய்க் கிடந்தது. நான் அந்தப் படத்தை வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே, அம்மா அதை எடுக்கும் நேரமெல்லாம் ஓடிப்போய் என் விரலைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அது எதற்கு என்று விளங்கியது. அக்காவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளைக்குப் பதுளையில் கடை. சாதகம் பொருந்திவிட்டது. படத்தை யாழ்ப்பாணத்தில் இருந்த மாப்பிள்ளையின் தாயிடம் அனுப்பினார்கள். அக்கா ஒருநாள் ஐயாவிடம் தான் படிப்பிக்கப் போகவேணும் என்று சொன்னதைக் கேட்டேன். ஐயா சிரித்தார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்கு மேல் கேட்கிற பழக்கம் இல்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கலியாணம் என்றால் கூறைச்சீலை, மேளம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மணவறையில் ஏறி இருப்பது. இன்னொரு கதிரை. அதுவும் அவளுக்குத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற நாள் அன்று காலை அக்கா என்னைக் கூப்பிட்டாள். தன்னுடைய நல்ல சிவப்பு ரிபனை என் தலையில் கட்டினாள். சின்னம்மா வீட்டில் பலகாரம் சுடுகிறார்களாம், முரசுமோட்டைக்கு நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் பக்கத்து வளவு வண்டிலில் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வா என்றாள். அம்மாவும் சரி என்றார். நான் வீட்டில் நின்றால் வருகிற ஆட்களுக்கு முன்னால் ஏதாவது குழப்படி செய்வேன் என்று அம்மாவுக்குப் பயம்.

வண்டில் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. மூட்டைக்கு மேல் இருந்து யோசித்தேன். படத்தில் இருந்து வெட்டினாள். இப்போது வீட்டில் இருந்தும் வெட்டுகிறாள். பலகாரம் எங்கள் வீட்டிலும் சுடுகிறார்கள், எனக்கு வாசம் வந்தது. மெதுவாகச் சறுக்கி இறங்கினேன். வாய்க்கால் கட்டால் ஓடி, பின்பக்கமாகக் குசினிக்குள் நுழைந்து, கதவுக்குப் பின்னால் ஒளித்து நின்றேன்.

மாப்பிள்ளையின் தாயும் தமையனும் வந்திருந்தார்கள். தாய் பெரிய உருவம், பெரிய குரல். அக்கா தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை. அந்த அம்மா பையைத் திறந்து படத்தை எடுத்து மடியில் வைத்தார்.

"கோவிக்காதேங்கோ. ஒண்டு கேக்கவேணும். இந்தக் கை ஆரின்ரை?"

அது எங்கடை சின்னவளின்ரை என்றார் ஐயா.

"சின்னப்பிள்ளையின்ரை கையே இது? கறுத்து மொத்தமாய், ஆம்பிளையளின்ரை கை மாதிரிக் கிடக்கு. ஆரையோ வெட்டிப்போட்டுத்தானே படம் அனுப்பியிருக்கிறியள்."

ஐயாவின் முகம் எப்படி மாறியது என்பதைக் கதவு நீக்கலுக்குள்ளால் பார்த்தேன். யானை வந்து பயிரை மிதித்துவிட்டுப் போன காலையில் அவர் வரம்பில் நின்ற முகம் அது. முழுப்படம் இருந்தால் காட்டுங்கள் என்று தமையன் கேட்டார். முழுப்படம் இல்லை. அப்போ அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றார். பிள்ளை முரசுமோட்டைக்குப் போய்விட்டாள் என்று அம்மா மெல்லச் சொன்னார்.

"நல்ல நாள் பாத்து அனுப்பியிருக்கிறியள்" என்றார் அந்த அம்மா.

தமையன் குடையை எடுத்தார். இருவரும் எழும்பினார்கள். ஐயா இருங்கோ, இருங்கோ என்று பின்னால் போனார். அவர் அப்படி ஒருவரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை. அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அக்கா மட்டும் கதிரையில் அசையாமல், நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

எனக்கு ஐயாவைப் பற்றிக் கவலை வந்தது என்று எழுதினால் அது பொய். எனக்கு வந்தது கோபம். அது என் விரல். படத்தில் எனக்கென்று மிஞ்சியது அதுதான். அதையும் ஆரோ ஒரு ஆம்பிளைக்குக் கொடுக்கிறார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தேன்.

"அது என்ரை கை. கோணல் விரலைப் பாருங்கோ!"

சேறு பட்ட கையை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் பிடித்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு, அக்காவுக்குப் பக்கத்தில் போய் அப்படியே வைத்துக் காட்டு என்றார்.

நான் போய் நின்று கையை அக்காவின் தோளில் வைத்தேன். அவள் தோளைத் தாழ்த்தினாள். கை வழுக்கி விழுந்தது. இதற்குக்கூட இடம் தரமாட்டாளா என்று, திரும்பவும் தூக்கி, முன்னதை விட இறுக்கி வைத்தேன். அந்த அம்மா படத்தை என் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கோணல் விரலும் கோணல் விரலும் ஒத்துவந்தன. அவருடைய பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கிச் சிரித்தார்.

"பொம்பிளையை விட இவவுக்கெல்லோ கலியாண அவசரம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஐயா சிரித்த சத்தம் வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கும். தேத்தண்ணியைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள், குடித்தார்கள். அந்த அம்மா என்னைத் தன் பக்கத்தில் இருத்தித் தன் தட்டில் இருந்த முறுக்கை எனக்கு எடுத்துத் தந்தார். அன்று முழுக்க வீட்டில் என் கதைதான். அக்காவை ஒருவரும் பார்க்கவில்லை.

அக்கா என்னோடு கனநாள் பேசவில்லை. என் தலையை வாரி இழுத்துவிடும்போதுகூடப் பேசவில்லை. அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று எனக்குப் பெரிய சந்தோசம். வைகாசியில் கலியாணம் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் புதுப்பாவாடையோடு நான்தான் நின்றேன். அக்காவைக் கோச்சியில் ஏற்றிவிடக் கிளிநொச்சி ஸ்ரேசனுக்குப் போனபோது இனிக் கதிரை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு கை காட்டினேன்.

அக்காவின் புருசன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லவேண்டும். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. காலையில் கடை திறந்தார், இரவில் பூட்டினார். அக்கா கடைக்குப் பின்னால் இருந்த அறைகளில் சமைத்தாள், பிள்ளைகளைப் பெற்றாள்.

கலாசாலைக்குப் போனது நான். வாத்தியார் அக்காவுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னார். அதற்குள் ஐயா மாறியிருந்தார், காலமும் மாறியிருந்தது. ரீச்சராய்ப் படிப்பிக்கத் தொடங்கிய முதல் விடுமுறையில் பதுளைக்குப் போனேன். முன்னறைச் சுவரில் அந்தப் படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. ரோஸ் நிறம் மங்கியிருந்தது. என் விரல் மங்கவில்லை. அதைக் காட்டி, அப்போது நீ இதை மூடவிட்டிருந்தால் அந்த மனிசி அவ்வளவு கதைத்திருக்கமாட்டாவே என்று சிரித்துக்கொண்டு கேட்டேன்.

வாசலில் ஓடிவந்து விழுந்த தன் கடைசிப் பிள்ளையை அக்கா தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"கதைக்கட்டும் எண்டுதானே விட்டனான். நீ அண்டைக்கு முரசுமோட்டைக்குப் போயிருந்தால் நான்தானேடி ரீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையின் முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். பிறகு, தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ, இன்னும் போடவோ என்று கேட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. கை என்னுடையதுதான். ஒன்பது வயதில் ஆரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். ஆனால் அந்தத் தோள் தாழ்ந்தது இப்போதும் என் உள்ளங்கையில் தெரிகிறது. அவள் தள்ளுகிறாள் என்று அப்போதே எனக்குத் தெரியும். என்னைத் தள்ளுகிறாள் என்று நினைத்துத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.