யாக்கோபின் பஸ் பட்டியல்

"பன்னெண்டு, குன்றத்தூர்! பதிமூணு, சுங்குவார்சத்திரம்! செல்ஃபி அப்பால எடுக்கலாம், ஏறு!"

தொழிற்சாலையின் முதல் கேட்டில் நின்று, கையை வாயருகே குவித்துக் கத்துகிறார் யாக்கோபு. மாதா கோயில் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடிய குரல். 'குன்றத்தூர்' என்பதை அவர் இழுக்கிற இழுப்பில் மூன்று பேர் மூச்சு வாங்கலாம். புதிதாகப் பார்க்கிறவர்கள் பஸ் ஏஜென்ட் என்று நினைப்பார்கள். எங்கள் ஒரகடம் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

சர்வர்காரருக்குக் கேட்டில் என்ன வேலை? எந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று தொழிலாளர்கள் போனில் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. அவர் செய்ததுதான். ரூட் மாறும்போதெல்லாம் புதுப் பட்டியலை ஏற்றுவார். ஆனால் சர்வரில் ஓடும் மென்பொருள் பழைய வெர்ஷன். புதியதைக் கொடுத்தாலும் பழையதை மறக்காது. பாதிப் பேர் போனில் இன்றைய பட்டியல் வரும், மீதிப் பேருக்குப் போன வாரத்தது. அந்த மீதிப் பேருக்காகத்தான் இந்தக் கத்தல்.

நாற்பத்தாறு வயது. சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய், தொண்டைக்காக. சர்வரை 'இவன்' என்றுதான் சொல்வார். "இவன் நல்லவன்பா. ஞாபகந்தான் ஜாஸ்தி. அதான் பேஜாரு."

கோளாறைச் சரிசெய்த புது வெர்ஷன் வந்து ஒரு வருடம் ஆகிறது. மேனேஜர் ஸ்ரீதர்தான் விடவில்லை. "ஓடிக்கிட்டுதான இருக்கு? எதுக்கு நோண்டுறீங்க? அதான் நீங்க கத்துறீங்களே!"

போன மாதம் இரண்டாவது கேட்டைத் திறந்தார்கள். ஒரு குரல் இரண்டு கேட்டுக்கு எட்டவில்லை. அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் தென்காசிப் பெண் கவியா, போன் காட்டிய பஸ்ஸை நம்பி ஏறினாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவள் சுங்குவார்சத்திரத்தில் இறங்கினாள். ரயில் போய்விட்டது. அக்காவின் நிச்சயதார்த்தத்தை வீடியோ காலில் பார்த்தாள். யாக்கோபு இரண்டு நாள் சாப்பாட்டை வெறுமனே பிசைந்துகொண்டிருந்தார்.

இந்தச் சனிக்கிழமை மறுபடியும் ரூட் மாற்றம். அன்றைக்குத்தான் கவியா அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்புகிறாள். யாக்கோபு நேராக ஸ்ரீதரின் மேசை முன் போய் நின்றார்.

"நிச்சயத்த கெடுத்தாச்சு சார். கல்யாணத்தையும் நானே கெடுக்கணுமா?"

புது வெர்ஷன் போட, அன்று மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஸ்ரீதர் நேரம் கொடுத்தார். "ரெண்டரைக்கு ஷிப்ட் விடும்போது பேஜ் வரலைன்னா ஆயிரம் பேர் வெயில்ல நிப்பாங்க. பதில் நீங்கதான் சொல்லணும்."

பழையதை அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டு, யாக்கோபு புது வெர்ஷனைப் போட்டார். சர்வர் கிளம்பவில்லை. மணி ஒன்று நாற்பது. திரையில் வந்த பிழைச் செய்தியை பைபிள் வசனம்போல விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். அவருடைய உதவியாள் நான்; எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பக்கத்தில் நின்று நான்கு முறை படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

"தோ பாரு. பழைய செட்டிங்ல நான் எழுதுன ஒரு வரி. புது வெர்ஷனுக்கு அது புரியாது. நான் எழுதிட்டு, இவன திட்டிகினு கீறேன்."

அந்த வரியை அழித்தார். சர்வர் எழுந்தது.

புதுப் பட்டியலை ஏற்றிவிட்டு கேன்டீனுக்கு ஓடினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போன்களைக் கேட்டு வாங்கி மேசையில் வரிசையாக அடுக்கினார்.

"இன்னா யாக்கோபண்ணா, போன் கடை போட்டுக்கிறியா?" என்றான் பகலவன், சாம்பார்க் கையோடு.

"கம்முனு சாப்புடு. உன் போனுதான் இருக்கறதுலயே அட்டு. அதுல வந்தா எல்லாத்துலயும் வரும்."

பன்னிரண்டு போன்கள். பன்னிரண்டிலும் ஒரே பட்டியல்.

இரண்டரைக்கு அவர் இரண்டாவது கேட்டில் இருந்தார். தோளில் பெரிய பையோடு கவியா வந்தாள்.

"அண்ணே, பதினாலுதானே?"

"போன்ல இன்னா கீது?"

"பதினாலுன்னுதான் இருக்கு."

"அப்பறம் என்னை எதுக்கு கேக்குற? ஏறும்மா."

"போன தடவையும் போன்ல போட்டுத்தாம்ணே இருந்துச்சு."

யாக்கோபு பஸ்ஸின் முன்பக்கம் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஊர்ப் பலகையை ஒருமுறை நிதானமாகப் படித்தார். சிங்கப்பெருமாள் கோவில். டிரைவரிடமும் கேட்டுக்கொண்டார். பிறகு திரும்பி வந்து, கவியா ஏறி உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குக் கீழே, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார்.